கெம்பம்மா கழுவி அனுப்பிய தூக்குச்சட்டி

1

நேற்று மத்தியானம் பூதிகோட்டையிலிருந்து என் பித்தளைத் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. கெம்பம்மா அதைத் துலக்கி, வெயிலில் காயவைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். என் கல்யாணத்தன்றுகூட அந்தச் சட்டி அப்படி மினுங்கியதில்லை. புளியும் சாம்பலும் என் வீட்டிலும் இருக்கின்றன, எனக்கும் கை இரண்டு இருக்கிறது. ஆனாலும் என் பாத்திரத்தை என்னைவிட நன்றாகத் துலக்க அவளால்தான் முடிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்திலும் வழக்கமில்லை, அவர்கள் பக்கத்திலும் வழக்கமில்லை. அதனால் சட்டி நிறைய ராகி மாவு போட்டிருந்தாள். வண்டிக்காரர் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் மகள் சொல்லியனுப்பியதாக ஒரு சேதியும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் மீதியை எழுத எனக்குக் கை வராது.

ஊரிலிருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, ஒரு சட்டிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்ததற்கு எனக்கு இந்தக் குறிப்புகளாவது மிஞ்சட்டும். பொறாமையைப் பற்றி உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் செய்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன்.

2

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து யாராவது புதிதாகத் தங்கவயலுக்கு வந்தால், முதலில் தரையைத்தான் பார்க்கிறார்கள். நானும் ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கி, கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்டிருக்கிற லைன் வீடு வந்து சேரும்வரை தலை நிமிரவில்லை. வெறும் வெள்ளை மண். பூமிக்கு அடியிலிருந்து கல்லைத் தோண்டி மேலே கொண்டு வருகிறார்கள். மில்லில் அதை மாவாக இடிக்கிறார்கள். தங்கம் துரைமார் பெட்டிக்குப் போய்விடும், மாவு எங்கள் லைனுக்குப் பின்னால் வந்து விழும். அது மேடாகி, மேடு குன்றாகி, இப்போது எங்கள் கூரையைவிட உயரமாக நிற்கிறது. காய்ந்தபின் காற்று அடித்தால் வீட்டுக்குள் வந்து உட்காரும். புதிதாக வந்தவர்கள் கண்ணைக் கசக்குவார்கள், இருமுவார்கள். ஒரு மாதம் ஆனால் அவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள். மில்லின் இடிச்சத்தமும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் காதில் விழாது. அது நின்றால்தான் தொட்டில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும்.

நான் ஊரை நினைத்து மூக்கைச் சிந்துகிறவள் அல்ல. ஊரில் எனக்கு என்ன இருந்தது? காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கேழ்வரகுக் களி. நெல்லுச்சோறு என்றால் கிறிஸ்மஸுக்கு, ஈஸ்டருக்கு, யாராவது செத்தால். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியின் முன்னால் என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளாம். அந்தக் கஞ்சிக்கும் பாதி வரிசையிலேயே தீர்ந்துபோகிற வழக்கம் இருந்ததாம். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் எங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஒரே ஆசை வார்த்தை இதுதான்: “தங்கவயலுக்குப் போயிட்டா தெனமும் நெல்லுச்சோறு துன்னலாம்.” வேறு பெண்களுக்குப் புருஷன்மார் பூ வாங்கித் தருகிறேன் என்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சொன்னபடி செய்தார். கூண்டு மாதிரி ஒரு கேஜில் அவரையும் மற்றவர்களையும் நிற்கவைத்துச் சுரங்கத்துக்குள் இறக்குகிறார்கள். ஷிப்டு முடிந்தால் ஏற்றுகிறார்கள். அவர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் அடுப்பில் நெல்லுச்சோறு. என் வீட்டு வாசலுக்குள் இனிமேல் கேழ்வரகு வராது என்று நான் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

3

எனக்கு மூன்று பிறந்தன. இரண்டை இந்த மண்ணிலேயே வைத்தோம். மிஞ்சியவள் அன்னம்மாள். அன்னம் என்று கூப்பிடுவோம். பெயர்தான் அன்னம், அன்னத்தைக் கண்டால் ஓடுவாள். லைனில் இதைச் சொல்லிச் சிரிக்காத பெண் கிடையாது.

தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து சண்டைதான். குழைய வடித்துப் பிசைந்து வாயில் வைத்தால், ஒரு தரம் கடிப்பாள், கண்ணை இறுக மூடிக்கொள்வாள், துப்புவாள். ரசம் ஊற்றினால் துப்புவாள். பருப்பு போட்டால் துப்புவாள். மீன் குழம்பை வாடைக்கே துப்புவாள். பேச்சு வந்தபிறகு காரணமும் சொன்னாள்.

“சோறு சத்தம் போடுதும்மா.”

“சோறு எங்கடி சத்தம் போடும்? வாயத் தொற.”

“போடுது. உள்ள போடுது.”

நான் என் காதைச் சோற்றுத் தட்டின்மேல் வைத்துக்கூடப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கத்து வீட்டு மரியாள் சிரிக்கவில்லை. குழந்தையை என்னமோ பிடித்திருக்கிறது, ஒரு மந்திரக்காரரிடம் காட்டு, உபதேசியாருக்குத் தெரிய வேண்டாம் என்றாள். நான் உபதேசியாரிடமே கூட்டிப்போனேன். அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் அவர் வீட்டம்மா ஒரு வாய் சோறு கொடுத்தார். அதையும் துப்பினாள். உபதேசியாரின் வேட்டியில்.

அவள் தின்றவற்றைச் சொல்கிறேன். வாழைப்பழம், அதையும் அவளே உரிக்க வேண்டும். வேகவைத்த வேர்க்கடலை, அதையும் அவளே உடைக்க வேண்டும். அவித்த முட்டை, ஓட்டோடு கையில் கொடுத்தால். நான் உரித்துத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய் வந்தால் தொடமாட்டாள். தோலோடு வந்தால்தான் தின்பாள். “தொர வூட்டுப் பொண்ணு தப்பிப் பொறந்துட்டா,” என்பார் அவள் நைனா, பெருமையாக. தினமும் பழமும் முட்டையும் வாங்குவதற்கு நாங்கள் துரை வீடு இல்லை. பிள்ளையின் முட்டி தொடையைவிடப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் என் பொறாமைக்கு ஓர் ஆள் என்று கிடையாது. லைன் முழுக்கப் பொறாமை. மரியாளின் பிள்ளை தட்டை நக்கினால் எனக்கு வயிறு எரியும். எதிர்வீட்டுப் பையன் “இன்னும்” என்று கேட்டு அவன் அம்மாவிடம் அடி வாங்கினால், எனக்குப் போய் அவளை அறைய வேண்டும் போலிருக்கும். இன்னும் கேட்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அடிக்கிறாள்!

4

எங்கள் வரிசையில் கடைசி வீடு கெம்பம்மாவுடையது. பூதிகோட்டைக்காரி, கன்னடக்காரி. அவள் புருஷன் மேலே கல்வண்டி தள்ளுகிற வேலையில் இருந்தார். நாலு பிள்ளைகள். நாலும் கல்லைக் கொடுத்தாலும் தின்னும். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. அவளோடு எனக்குச் சண்டை இல்லை. ராகி தின்கிறவள் என்று மனதுக்குள் ஓர் இளக்காரம் மட்டும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் அன்னத்தைக் காணோம். தேடிக்கொண்டு கடைசி வீட்டு வாசலுக்குப் போனால், உள்ளே கெம்பம்மாவின் குரல் கேட்கிறது: “நுங்கு மகு, நுங்கு.” இந்தக் காய்ந்த சீமையில் இவளுக்கு நுங்கு எங்கே கிடைத்தது என்று எட்டிப் பார்த்தேன். நுங்கு இல்லை. அவர்கள் பாஷையில் விழுங்கு என்று அர்த்தமாம், மகு என்றால் பிள்ளையாம். என் மகள் அந்த நாலு பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கெம்பம்மா சுடச்சுட ராகி முத்தையிலிருந்து, அதாவது அவர்கள் ஊர்க் களி உருண்டையிலிருந்து, எலுமிச்சை அளவு கிள்ளி, கீரைச்சாற்றில் புரட்டி, அவள் வாயில் வைத்தாள். அன்னம் மெல்லவில்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள், தொண்டை அசைந்தது, உள்ளே போய்விட்டது. மறுபடி வாயைத் திறந்தாள்.

“இன்னும்,” என்றாள்.

எத்தனை வருஷம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அதை வேறொருத்தியைப் பார்த்துச் சொன்னாள்.

கெம்பம்மா என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக, “வாம்மா, வா! உன் மகு நல்லா ஊட்டா பண்றா பாரு,” என்றாள். முத்தையைப் பல்லில் கடிக்கக் கூடாதாம், அவர்கள் ஊரில் கடித்துத் தின்கிறவரைப் பார்த்துச் சிரிப்பார்களாம், நாலு நாளில் என் மகள் கற்றுக்கொண்டுவிட்டாளாம். நாலு நாள்! நாலு நாளாக இது நடக்கிறது. நான் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்னம் வழியெல்லாம் அழுதாள். லைனே பார்த்தது.

அன்று எங்கள் வீட்டுக்காரரிடம், “கேவுரு வேணாம்னுதான் ஊர வுட்டு வந்தோம். இவ கேவுரத் தேடிக்கினு போறா,” என்றேன்.

“போகட்டுமே. வவுத்துல எதுனா எறங்குதில்ல?”

“யாரு கையால எறங்குது?”

அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. ஆண்களுக்கு இந்த எரிச்சல் புரியாது. அவர்கள் கையால் பிள்ளை என்றைக்குத் தின்றது?

5

பிறகு நான் ரகசியமாகக் கடைக்குப் போய்க் கேழ்வரகு மாவு வாங்கினேன். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். சாராயம் வாங்கி வருகிற ஆள்கூட அவ்வளவு ஒளித்து வரமாட்டார். களி கிண்டத் தெரியாதா எனக்கு? பிறந்ததிலிருந்து தின்றது அதுதானே.

நம் முறைப்படி நொய்யை வேகவைத்து, அதில் மாவைக் கொட்டிக் கிண்டினேன். நொய் போடாமல் களி கிண்டுவதை நம் பக்கத்தில் யாராவது களி என்று சொல்வார்களா? அதிலும் நான் கஞ்சத்தனம் பார்க்காமல் நொய்யை இரண்டு கை கூடவே போட்டேன். கெம்பம்மா போடுவது வெறும் மாவு, நான் போடுவது அரிசி சேர்ந்தது, என் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியட்டும் என்று நினைத்தேன். கீரைச்சாறும் வைத்தேன். உருண்டை பிடித்து அவள் முன்னால் வைத்து, வெட்கத்தை விட்டு, “நுங்கு கண்ணு,” என்றேன்.

வாயில் வாங்கினாள். நொய் நாக்கில் தட்டுப்பட்டிருக்கும். பல் தானாகக் கடித்தது. முகம் சுருங்கியது. களி என் மடியில் விழுந்தது.

“இதுலயும் சத்தம் போடுதும்மா.”

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவள் கையில் என்ன இருக்கிறது, என் கையில் என்ன இல்லை? கெம்பம்மாவின் கையைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். தடித்த விரல்கள், வெடித்த நகம், மணிக்கட்டில் பச்சை குத்திய ஒரு கோலம். என் கை அதைவிட அழகுதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் களி கிண்டுகிற கோலைக்கூட எடுத்து முகர்ந்து பார்த்தேன். மரக்கோல். அவ்வளவுதான்.

கடைசியில் தோற்றுப்போய், மத்தியானச் சோற்று வேளைக்கு அன்னத்தை நானே கடைசி வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவது என்று ஆயிற்று. உள்ளே போகமாட்டேன். வெளியிலிருந்து அந்தப் பெரிய சிரிப்பைக் கேட்டுக்கொண்டு திரும்புவேன்.

6

பிளேக் வந்தது. லைனில் எலி செத்தால் வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். சாமான்களை வெளியே போட்டு மருந்து தெளித்தார்கள். கெம்பம்மாவின் புருஷன் பயந்துவிட்டார். ஊரில் நிலம் இருக்கிறது, உயிரோடு போய் ராகி விதைப்போம் என்று வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பூதிகோட்டைக்குக் கிளம்பினார். கெம்பம்மா போகிற அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். போய்த் தொலையட்டும், பசித்தால் பிள்ளை என்னிடம்தானே வரவேண்டும்?

பசித்தது. ஆனால் வரவில்லை. கடைசி வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். முத்தையும் இல்லை, சோறும் இல்லை. பழத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டாள். நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. “எது தின்னுதோ அத்தக் குடுங்க. இப்பிடியே வுட்டா நிக்காது,” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “பூதிகோட்டைக்குக் கொண்டுபோய் வுட்டுட்டு வரலாம்.”

“என் பொண்ண அவளுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?”

“ரெண்ட மண்ணுல வெச்சிட்டோம். உனுக்கு இன்னா வேணும்? உன் கையால துன்னணுமா, உசுரோட இருக்கணுமா?”

இரண்டும் வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

கெம்பம்மா பூதிகோட்டை வீட்டு வாசலில் அன்னத்தை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளை தாவிக்கொண்டு போனது. நான் நிற்பதைப் பார்த்து, “மகு உன்னுதுதாம்மா. நான் ஊட்டா மட்டும் போட்றேன். அறுப்பு முடிஞ்சதும் வந்து கூட்டிக்கோ,” என்றாள். நல்ல வார்த்தைதான். நல்ல வார்த்தை சொல்வதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று எனக்கு இருந்தது. ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று அன்னத்தின் முகத்தைப் பிடித்துச் சொன்னேன்: “நீ நல்லாத் துன்னக் கத்துக்கோ. கத்துக்கினா அம்மா வந்து உன்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்.”

தாய்மார் வாயில் வருகிற பேச்சுதான். சொல்லிவிட்டு மறந்தும்போனேன்.

7

ராகி அறுப்பு முடிந்ததும் போன மாதம் கிளம்பினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறினேன். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, கடலை வறுத்துப்போட்டு, பித்தளைத் தூக்குச்சட்டி நிறைய. கெம்பம்மாவும் கொஞ்சம் தின்று பார்க்கட்டும், ஆம்பூர்க்காரி கை எப்படிப்பட்டது என்று தெரியட்டும்.

பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் பிளேக்குக் கொட்டகை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லி, எங்கே போகிறாய், எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். குமாஸ்தா கன்னடத்தில் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில், மகளைப் பார்க்க என்றேன்.

“மகள் புருஷன் வீடு அங்கேயா?”

“மகளுக்கு அஞ்சு வயசு.”

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சு வயசு மகள் பூதிகோட்டையில், அம்மா தங்கவயலில். எதற்கு?”

“சாப்பாட்டுக்கு,” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் என் கையிலிருந்த நிறைந்த சட்டியையும் என்னையும் பார்த்தார்கள். குமாஸ்தா எதையோ எழுதிக்கொண்டு போகச் சொன்னார். தங்கவயலில் பஞ்சம் என்று எழுதினாரோ என்னவோ.

8

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் எது என் மகள் என்று எனக்கு உடனே தெரியவில்லை. கன்னம் வைத்திருந்தது. கால் உருண்டிருந்தது. அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். என்னிடம் ஓடி வராமல் வீட்டுக்குள் ஓடி, “அவ்வா, அம்மா பந்த்ரு!” என்று கத்தினாள். அவ்வா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. நான் அம்மா, அவள் அவ்வா. அதுவும் பரவாயில்லை. “அம்மா வந்தாங்க” என்று மரியாதை வைத்துச் சொன்னாளே, பெற்றவளுக்கு யாராவது மரியாதை வைப்பார்களா? விருந்தாளிக்கு வைப்பார்கள்.

கெம்பம்மா என்னை விருந்தாளியாகவே வைத்தாள். அவர்களுக்கு முத்தை, எனக்காகத் தனியாக நெல்லுச்சோறு வடித்திருந்தாள். இலை போட்டுப் பரிமாறினாள். அன்னம் என் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் சோறு,” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெம்பம்மா சிரித்துக்கொண்டே போட்டாள். என் மகள் வெள்ளைச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து நன்றாக மென்றாள். கண்ணை மூடவில்லை, துப்பவில்லை. மென்று தின்றாள்.

சோறு அதே சோறு, கை மட்டும்தான் வேறு, இதில் என்ன மருந்து போட்டாள் என்று நானும் ஒரு வாய் வைத்தேன். மென்றேன். என்னவோ குறைந்தது. உப்பா? இல்லை. இன்னொரு வாய் வைத்து மெதுவாக மென்றேன். அப்போதுதான் தெரிந்தது. சத்தம் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நறநறவென்று ஒன்றுமே இல்லை. பஞ்சு போலச் சோறு, சோறாக மட்டும் இருந்தது. ஏழு வருஷமாக ஒவ்வொரு வாயிலும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனதால் தெரிந்தது.

மில் மண். எங்கள் லைனுக்குப் பின்னால் கொட்டுகிற அந்த வெள்ளை மண். அரிசியில் உட்கார்ந்து, தண்ணீரில் கரைந்து, தட்டின்மேல் படிந்து, நாங்கள் எல்லாரும் தினமும் அரைத்துத் தின்கிறோம். எங்களுக்குப் பழகிவிட்டது. இவள் ஒருத்திக்குப் பழகவில்லை. தோலுக்குள் இருப்பதில் மண் ஏறாது, அதனால் தோலுரித்துத் தின்றாள். முத்தையைக் கடிக்க வேண்டாம், அதனால் விழுங்கினாள். நாக்கில் தட்டாத வெறும் மாவு. நான் அதில் நொய்யைப் போட்டுக் கடிக்கவைத்தேன். அவள் முதல்நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான் தட்டின்மேல் காது வைத்தேன், என் வாயை நான் கேட்கவில்லை.

கெம்பம்மாவின் கையில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் அவள் கையைப் பார்த்து வெந்தது வீண். அதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஊருக்குப் பின்னால் மண்மேடு இல்லை என்று இப்போது அதற்கும் பொறாமையாக இருந்தது.

என் தூக்குச்சட்டி மூலையில் இருந்தது. அதை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்தேன். அன்னம் முந்திக்கொண்டாள்.

“அம்மா, சோறு கொண்டாந்தியா?”

“வேணாம் கண்ணு. அது கெட்டுப்போச்சு.”

“வாசன நல்லா இருக்குதே.” மூடியைத் திறந்து கையை விட்டாள். நான் பிடிக்கப் போவதற்குள் சின்ன உருண்டையாகப் பிடித்து அழுத்தினாள். வாய்க்குள் போட்டாள். தனக்குத்தானே மெதுவாக, “நுங்கு,” என்றாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். புளிச்சோறு முத்தை மாதிரி வழுக்காது. தொண்டையில் சிக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கிவிட்டாள். பல் ஒரு தரம்கூட அசையவில்லை. இன்னொரு உருண்டை பிடித்தாள், அதையும் விழுங்கினாள். மூன்றாவதையும்.

பிறகு வாயை அகலத் திறந்து எனக்குக் காட்டினாள்.

“பாரும்மா, துப்பல. நான் துன்னக் கத்துக்கினேன். இப்ப என்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போறியா?”

கெம்பம்மா பின்னால் நின்றாள். அவள் தினமும் வயலிலிருந்து வரும்போது பிள்ளை சாம்பல் உருண்டை, மண் உருண்டை, எதையாவது கையில் பிடித்து வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து விழுங்கப் பழகிக்கொண்டிருக்குமாம். விளையாட்டு என்று நினைத்தாளாம். “அம்மா ஊட்டுச் சோறு தின்னணும்னு சொல்லும். எனக்கு அர்த்தம் ஆகல,” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளுக்கும் அன்றைக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை வந்திருக்கும்.

என் கையால் தின்ன வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாள் ஆசைப்பட்டேன். தின்றுவிட்டாள். அவளை வாரி எடுத்துக்கொண்டு அப்போதே வண்டி ஏறியிருக்கலாம், அதற்குத்தான் போனேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் தினமும் மூன்று வேளை அந்த மண்ணை விழுங்கவைக்கவா? “அடுத்த தடவ கண்ணு,” என்றேன். அவள் அழவில்லை. இன்னும் சரியாகத் தின்னவில்லை போலிருக்கிறது என்று நினைக்கிற முகத்தோடு சட்டிக்குள் பார்த்தாள். நான் வேகமாக வெளியே வந்து வண்டியில் ஏறிவிட்டேன். சட்டியை மறந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

9

திரும்பி வந்தபிறகு எங்கள் வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு வாயும் சத்தம் போடுகிறது. எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி நிதானமாக மென்று பார்க்கச் சொன்னேன். மென்றார். “கீழயும் இத்தத்தான் மூச்சுல இழுக்கறேன். மேல வந்தா இத்தத்தான் துன்றேன்,” என்றார். பிறகு தட்டைக் காலி செய்தார். மறுநாள் ஷிப்டு இருந்தது.

வீடு மாற்றிக் கேட்டு ஆபீசுக்குப் போனோம். ஸ்கெலட்டன் என்கிற லைன் பக்கத்தில் வீடு காலியானால் கொடுங்கள், அங்கே மேட்டுக் காற்று அவ்வளவாக வருவதில்லை என்று கேட்டோம். ஸ்கெலட்டன் என்றால் எலும்புக்கூடு என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தப் பெயர் வைத்த இடத்தில்தான் என் பிள்ளைக்குச் சதை ஒட்ட வேண்டியிருக்கிறது. குமாஸ்தா காரணம் கேட்டார். சோறு சத்தம் போடுகிறது என்றேன். என்னை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, “சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார். வரிசைப்படி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். இன்று காலையும் போனேன். நாளையும் போவேன். வீடு கிடைக்கும் வரை என் மகள் அவ்வாவிடம் இருக்கட்டும். அவள் அங்கே மென்று தின்னட்டும்.

இனி அந்தச் சேதி. நேற்று வண்டிக்காரர் சட்டியைக் கொடுத்துவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “உங்க பாப்பா சொல்லச் சொல்லிச்சும்மா. அந்தச் சட்டிச் சோத்த யாருக்கும் குடுக்கலியாம். கெம்பம்மா பிடுங்கப் போனாலும் வுடலியாம். முழுசும் தானே துன்னுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுன்னுச்சு.”

ராகி மாவை முறத்தில் கொட்டிவிட்டு, சட்டியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். அடியில், ஓரத்தில், மூடியின் மடிப்பில்கூடப் பார்த்தேன். ஒரு துகள் மண் இல்லை. அவ்வளவும் என் மகளின் வயிற்றில் இருக்கிறது.